ஆட்குறைப்பு செட்டில்மென்ட்: கையெழுத்துக்கு மூன்று நாள் கெடு, என்ன செய்யலாம்?

கேள்வி: உச்சிப்புளியான்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு கடல் உணவு ஏற்றுமதி ஆலை. பேர் இங்கே வேண்டாம். இறால் உரிப்பு, தரம் பிரிப்பு, நண்டுச் சதை, பேக்கிங் எல்லாம் சேர்த்து 140 பேர் கம்பெனி ரோலில் (நேரடிப் பணியாளர் பட்டியலில்) இருக்கிறார்கள். அதில் 38 பேரை மார்ச் 31ஓடு நிறுத்தப் போகிறார்கள். 35 பேர் பெண்கள். அமெரிக்க வரியால் ஆர்டர் குறைந்துவிட்டது என்பது காரணம். நோட்டீஸ் எதுவும் கையில் தரவில்லை, ஆபீசுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாயால் சொன்னார்கள்.

கையெழுத்துக்கு இரண்டு தாள் நீட்டுகிறார்கள். ஒன்று ஆங்கிலத்தில், ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், அதாவது கணக்கு முழுதாக முடிந்தது என்ற தாள். இன்னொன்று தமிழில், "என் சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று டைப் அடித்தது. மூன்று நாளில் போட வேண்டுமாம்.

உதாரணத்துக்கு ஒருவர் கணக்கு: 2014 ஆகஸ்ட் 1ல் ரோலில் சேர்ந்தவர். மாதம் 18,000. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 2,500, பயணப்படி 1,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 2,000. அவருக்கு எல்லாம் சேர்த்து 1,25,000 தருகிறோம் என்கிறார்கள். பாதி இப்போது செக், மீதி ஜூன் மாதத் தேதியிட்ட செக்.

"இது சீசன் தொழில், சட்டப்படி இழப்பீடே கிடையாது, நாங்களாகப் பார்த்துத் தருகிறோம்" என்கிறார் மனிதவள அதிகாரி. உண்மையா? கையெழுத்துப் போடலாமா?

—

பதில்: ராம்நாடு லேபர்

முதலில் அந்தத் தமிழ்த் தாள். அதில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. 1,25,000 கூடுதலா குறைவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆட்குறைப்பு என்றால் தண்டனையாக அல்லாமல் முதலாளி தன் காரணத்துக்காக வேலையை நிறுத்துவது. தானாக விலகுவது அந்த வரையறைக்குள் வராது. "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்த அந்த நிமிடமே ஒரு மாத நோட்டீஸ், இழப்பீடு, ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால் முன்னுரிமை மூன்றும் போய்விடும். ஆட்குறைப்புப் பணத்தை வாங்கியவர்கூட பிறகு அது சட்டப்படி நடக்கவில்லை என்று வழக்காடலாம். ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பணமும் வாங்கியவர் நிலைமை வேறு. மிரட்டி வாங்கினார்கள் என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியம் இல்லை. இரண்டு தாளையும் ஒன்றாக நீட்டுவதன் நோக்கமே இதுதான்.

சட்டம் என்ன கேட்கிறது? 2025 நவம்பர் 21 முதல் 1947ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. ஒரு வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய, காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாத ஊதியத்தைத் தர வேண்டும். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. கடைசியில் மிஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் ஒரு வருடம். அரசுக்கும் அறிவிப்பு போக வேண்டும். வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது. இழப்பீடும் நிறுத்தும்போதே கைக்கு வர வேண்டியது. ஜூன் செக் சட்டம் சொல்கிற முறை இல்லை.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ இருந்த ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதியே வேண்டியிருந்தது. இப்போது அந்த வரம்பு 300. ஆகவே 140 பேர் உள்ள இந்த ஆலைக்கு முன் அனுமதி தேவையில்லை. யாராவது "அனுமதி வாங்கவில்லை, ஒரே மனுவில் தடுத்துவிடலாம்" என்று சொன்னால் அவர் பழைய எண்ணை வைத்துப் பேசுகிறார்.

கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி, பிரிவு வாரியாக. நிர்வாகம் அந்த விதியை மீறினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 2014ல் சேர்ந்தவர் போகிறார், அதே தரம் பிரிப்பில் 2021ல் சேர்ந்தவர் இருக்கிறார் என்றால் பணிமூப்புப் பட்டியலை எழுதிக் கேளுங்கள். பேச்சுவார்த்தையில் இதைவிட வலுவான கேள்வி வேறு இல்லை.

—

பதில்: கீழக்கரைக் கணக்கர்

தொகையை நான் போடுகிறேன்.

2014 ஆகஸ்ட் 1 முதல் 2026 மார்ச் 31 வரை 11 வருடம் 8 மாதம். இழப்பீட்டுக்கும் பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) இரண்டுக்குமே 12 வருடம்.

கம்பெனியின் அடிப்படை 12,000ஐயே எடுத்துக்கொள்வோம். இழப்பீடு: அரை மாதம் 6,000, பெருக்கல் 12, ஆக 72,000. பணிக்கொடைக்கு மாதத்தை 26 வேலை நாளாகப் பார்ப்பதால் வகுக்கும் எண் 26: 12,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 12ஆல் பெருக்கினால் 83,077. நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதம் 12,000. மறுதிறன் பயிற்சி நிதி என்று புதிய சட்டத்தில் ஒன்று உண்டு. அதில் முதலாளி ஆளுக்கு 15 நாள் ஊதியம் கட்ட வேண்டும், ஆட்குறைப்பாகி 45 நாளுக்குள் அது தொழிலாளி கணக்குக்கு வர வேண்டும். அது 6,000. கூட்டினால் 1,73,077.

அவர்கள் சொல்லும் கணக்கிலேயே 48,077 குறைகிறது.

இனி ஊதியம் என்பது எது? புதிய தொகுப்பில் வாடகைப்படி, பயணப்படி, போனஸ், ஓவர்டைம் மாதிரி பெயர் சொல்லிக் கழித்தவை தவிர மற்றதெல்லாம் ஊதியம். கழிப்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி தரும் ஸ்பெஷல் அலவன்ஸ் அந்தக் கழிவுப் பட்டியலில் இல்லை. பி.எஃப். வழக்கு ஒன்றில் 2019ல் உச்ச நீதிமன்றமும் இதே போக்கில்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே 14,000 என்று கேட்க நியாயம் இருக்கிறது. 14,000க்கு: இழப்பீடு 84,000, பணிக்கொடை 96,923, நோட்டீஸ் 14,000, பயிற்சி நிதி 7,000. மொத்தம் 2,01,923.

பணிக்கொடையின் 26ஐ இழப்பீட்டுக்கும் போட்டுக் கேட்காதீர்கள். இழப்பீட்டுக்கு அரை மாதச் சம்பளம்தான் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறான கணக்கோடு போனால் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

இதில் சேராதவை: மார்ச் சம்பளம், எடுக்காத விடுப்புக்குப் பணம், போன வருட போனஸ் பாக்கி, இந்த வருடத்துக்கான போனஸ். இவை யாரும் பார்த்துத் தரும் பணம் இல்லை. சம்பள பாக்கி இரண்டு வேலை நாளுக்குள் வந்துவிட வேண்டும். பணிக்கொடைக்கு 30 நாள், தாண்டினால் வட்டி.

இந்தத் தொகைக்கு வருமான வரிக் கவலை வேண்டாம். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரையிலும் பணிக்கொடைக்கு 20 லட்சம் வரையிலும் விலக்கு உண்டு. "வரி பிடித்துக்கொண்டோம்" என்று ஏதாவது கழித்திருந்தால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

—

உச்சிப்புளியான்

ரொம்ப நன்றி. இன்னும் மூன்று விஷயம். இவர்களில் பலர் ரோலில் சேரும் முன் இரண்டு மூன்று வருடம் காண்ட்ராக்டர் கீழே இதே ஷெட்டில்தான் உரித்தார்கள். அந்த வருடம் சேருமா? இரண்டாவது, நான்கு பேர் நேற்றே இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது, ஆங்கிலத் தாளில் இரண்டு வருடத்துக்கு வேறு எந்தக் கடல் உணவு ஆலையிலும் சேர மாட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது.

—

பதில்: தொண்டிக்கரை

கடைசியிலிருந்து வருகிறேன். வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27ம் பிரிவில் செல்லாது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ அடுத்த ஆலைக்காரர் அந்தத் தாளைப் பார்த்து எடுக்கத் தயங்கினால் அந்த அம்மாவுக்குத்தான் அன்றாடக் கூலி போகும், சட்டம் பேசி என்ன பிரயோஜனம்.

சீசன் கதைக்கு வருகிறேன், இந்தக் கரையில் எல்லா ஆலையிலும் இதைச் சொல்கிறார்கள். சீசன் தொழிலுக்கும் 50 பேருக்குக் குறைந்த இடத்துக்கும் சட்டம் விலக்கு கொடுத்திருப்பது லே-ஆஃப் ஈட்டுக்கு, அதாவது ரோலில் வைத்துக்கொண்டே வேலை தராத நாளுக்கான பணத்துக்கு மட்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். பணிக்கொடையில் சீசன் நிறுவனத்துக்கு ஒரு சீசனுக்கு 7 நாள் ஊதியம் என்று உண்டு, அதைக் காட்டி 15ஐ 7 ஆக்கப் பார்ப்பார்கள். ஆனால் வளர்ப்பு இறால் வரத்து, குளிர்பதன அறை, தடைக்காலத்திலும் ஓடும் பேக்கிங் என்று வருடம் பூராவும் இயங்கும் ஆலை சீசன் நிறுவனம் ஆகாது. ஏப்ரல், மே மாதச் சம்பளச் சீட்டு எந்த வருடத்துக்காவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வங்கிப் பாஸ்புக்கில் அந்த மாதச் சம்பளம் ஏறியிருந்தாலும் போதும்.

தேதியையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ரோலில் வைத்துக்கொண்டு வேலை இல்லை என்று உட்கார வைத்தால் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி லே-ஆஃப் ஈடாகத் தர வேண்டும். மார்ச் 31ல் நிறுத்திவிட்டால் கம்பெனிக்கு அது மிச்சம். ஜூன் 15ல் படகு இறங்கியதும் காண்ட்ராக்டர் மூலம் அதே கைகளை, பழைய வருடமெல்லாம் கழுவிவிட்டு, புதிதாக எடுக்கலாம். ஆர்டர் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதமானதில் இறால் ஏற்றுமதி அடிபட்டதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆர்டர் இல்லை என்பது நிறுத்துவதற்குக் காரணம் ஆகலாம், இழப்பீட்டைக் குறைப்பதற்குக் காரணம் ஆகாது.

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: ஒரு வருடத்துக்குள் அந்தப் பிரிவில் நேரடியாகவோ காண்ட்ராக்டர் மூலமோ ஆள் எடுத்தால் இந்த 38 பேருக்கும் வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பி முதலில் கூப்பிட வேண்டும். முன்னுரிமை சட்டத்திலேயே இருக்கிறது. "காண்ட்ராக்டர் மூலமோ" என்ற இரண்டு சொல்தான் அதில் இல்லாதது.

காண்ட்ராக்ட் வருடங்கள்: தானாகச் சேராது. அதே இடம், அதே மேற்பார்வையாளர், காண்ட்ராக்டர் பேருக்கு மட்டும் என்று காட்ட முடிந்தால் வாதாடலாம். பி.எஃப். பாஸ்புக்கில் ஒவ்வொரு நிறுவனப் பேரும் தனித்தனியாக வரும், அதை இறக்கி எடுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை, கேட் பாஸ், அப்போதைய கூலிச் சீட்டு எதுவானாலும் சரி. என் கருத்து, இதைப் பேரத்தில் வையுங்கள், ஆனால் இதற்காக மட்டும் மொத்தத்தையும் இழுக்காதீர்கள். ரோலில் உள்ள 12 வருடம் கல்வெட்டு மாதிரி. இது அப்படி இல்லை.

கையெழுத்துப் போட்ட நான்கு பேர்: நாளைக்கே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் "யோசித்துப் பார்த்து மனம் மாறினார்" என்பார்கள். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள், ஆங்கிலத் தாளைப் படித்துக் காட்டினார்களா, நகல் தந்தார்களா. "நான் விலக விரும்பவில்லை, மார்ச் 31 வரை வேலைக்கு வரத் தயார், ராஜினாமாக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று முடியுங்கள். ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருக்கிறதோ அதற்கு முன் திரும்பப் பெறுவது ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இந்த அவசரம். கம்பெனிக்கும் தொழிலாளர் துறைக்கும் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் வாங்கவே இல்லை என்பார்கள்.

—

பதில்: தேவிபட்டினம் மூத்தவர்

எல்லாரும் சட்டம் சொல்கிறீர்கள், சரி. ஆனால் வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். இந்தப் பெண்கள் வட்டிக்கு வாங்கித்தான் ஜூன் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கிறார்கள். வருகிற 1,25,000ஐ வாங்கிக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. நஷ்டம் இல்லாமல் எதுவும் முடியாது.

—

பதில்: ராம்நாடு லேபர்

ஐயா சொல்வதில் பாதி சரி. நீதிமன்றம் மெதுவாகத்தான் போகும். ஆனால் கையெழுத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அது சமரசம். 38 பேரும் ஒரே மனுவாகத் தொழிலாளர் துறையில் கொடுத்தால் சமரச அலுவலர் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார். அங்கே கம்பெனி கணக்கைக் காட்டியாக வேண்டும். 83,077 பணிக்கொடையை ஏன் குறைத்தீர்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. பணிக்கொடையை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது, தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆகவே ஐயா சொல்கிற மாதிரியே விட்டுப் பேச வேண்டும் என்றாலும், விட்டுப் பேசக்கூடியது ஸ்பெஷல் அலவன்ஸ் 2,000ம் காண்ட்ராக்ட் வருடமும்தான். அடிப்படைக் கணக்கு 1,73,077க்குக் கீழே இறங்க எந்தக் காரணமும் இல்லை.

சமரசத்தில் முடிந்தால் அதை அந்த அலுவலர் முன்னிலையிலேயே எழுதுங்கள். பழைய ஆட்கள் இதைப் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணால் பன்னிரண்டு மூன்று, 12(3), என்பார்கள், அது எல்லாத் தொழிலாளியையும் கட்டும், கம்பெனியையும் கட்டும். வெளியில் வைத்து எழுதுகிற பதினெட்டு ஒன்று, 18(1), கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டும். சமரசத்தில் முடியவில்லை என்றால் 45 நாள் ஆனதும் தொழிலாளி நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழுக் காலக்கெடு இரண்டு வருடம். பழைய மூன்று வருடக் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு, பெண்களுக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் போடுங்கள். இங்கிலாந்தில் இந்த மாதிரி ஒப்பந்தம் தனி ஆலோசகர் ஒருவர் படித்து விளக்கியதாக எழுதப்படாவிட்டால் தொழிலாளியைக் கட்டாது என்று 1996ம் வருடச் சட்டமே சொல்கிறது. நம் ஊரில் அந்தக் காவல் இல்லை. அதனால் அந்த ஆலோசகரை நாமேதான் தேடிப் போக வேண்டும், கையெழுத்துக்கு முன்னால்.

—

பதில்: கரையோர நர்ஸ்

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி மட்டும். பத்து வருடம் தாண்டிய பென்ஷன் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது, வேலை பார்த்த காலத்தைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். பென்ஷனுக்கு அதுதான் பிடிமானம். அந்தப் பத்து வருடத்துக்குக் காண்ட்ராக்டர் கீழ் கட்டிய பி.எஃப். காலமும் சேரும், அதே யூ.ஏ.என்.னில் (ஒருவருக்கு உள்ள நிரந்தர பி.எஃப். எண்) மாற்றியிருந்தால். ஆதாரில் உள்ள பேரும் பி.எஃப்.பில் உள்ள பேரும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். தகப்பன் பேர் கணவர் பேராக மாறியதிலும், பிறந்த தேதியிலும் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். கம்பெனி இருக்கும்போது ஒரு கூட்டு விண்ணப்பத்தில் முடிகிற வேலை, ஆலை பூட்டியபின் அலைச்சல்.

இ.எஸ்.ஐ. பிடித்தவர்களுக்கு, ஆட்குறைப்பில் வேலை போனால் வேலையின்மை உதவித்தொகை உண்டு. தகுதி இருந்தால் முதல் 12 மாதம் சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. தானாக விலகியவருக்கு அது கிடையாது. அந்தத் தமிழ்த் தாளில் கையெழுத்துப் போட்டால் இதுவும் சேர்ந்து போகிறது. கம்பெனி இ.எஸ்.ஐ. கணக்கில் வெளியேறிய காரணம் என்ன என்று பதிகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

—

பதில்: கீழக்கரைக் கணக்கர்

செக் விஷயம் விட்டுப்போனது. ஜூன் செக்கை ஒத்துக்கொள்ளவே வேண்டாம், வங்கிக் கணக்கில் ஏறட்டும். வேறு வழியே இல்லை என்றால் செக் எண், தேதி, வங்கிக் கிளை மூன்றையும் ஒப்பந்தத்துக்குள் எழுத வைத்து, "இந்தச் செக் பணமானால் மட்டுமே கணக்கு முடிந்ததாகும்" என்று சேருங்கள். செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள். திரும்பி வந்தால் வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதற்குமேல் ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரு நாள் தப்பினாலும் சிக்கல்.

பண்டிகை முன்பணம் பாக்கி இருந்தால் பணிக்கொடையில் கழிக்க விடாதீர்கள். தனி வரியில் காட்டட்டும்.

—

பதில்: ராம்நாடு லேபர்

நாளை ஆபீசுக்குக் கூப்பிட்டால் செய்ய வேண்டியது. இரண்டு பேராகப் போங்கள். தாளைக் கையில் வாங்கிப் போட்டோ எடுங்கள், எடுக்க விடவில்லை என்றால் அதையே கடிதத்தில் எழுதுங்கள். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். தொகை ஒரே எண்ணாக இல்லாமல் இழப்பீடு, பணிக்கொடை, நோட்டீஸ், விடுப்பு, போனஸ் என்று தனித்தனி வரியில் வர வேண்டும். வெற்றுத் தாளிலோ வெறும் ரெவின்யூ ஸ்டாம்ப் மேலோ கையெழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது.

பணத்தை வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், ராஜினாமாத் தாளைத் தொடாமல், ரசீதில் உங்கள் கையெழுத்துக்கு மேலேயே சொந்தக் கையால் இதை எழுதுங்கள்: "நிர்வாகம் ஆட்குறைப்பு செய்ததால் ரூ. ........ஐ என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன். நான் ராஜினாமா செய்யவில்லை." தேதியும் நேரமும் போடுங்கள். எழுதத் தெரியாதவருக்குக் கூட வந்தவர் எழுதி, படித்துக் காட்டி, சாட்சியாகத் தன் பேரையும் போடட்டும். எழுதிய ரசீதை வாங்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னால் அன்றைக்குப் பணம் வாங்க வேண்டாம், மறுநாள் காலை 38 பேர் மனுவோடு ராமநாதபுரம் பஸ் ஏறுங்கள்.